முன் தேர்வு, பின் தேர்வு: "கற்றல் வளர்ச்சி" என்று எந்த எண்ணை எழுதுவது?

கரும்பலகை_சேலம்
பி.எஸ்சி. முதலாண்டு இயக்கவியல். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் எஃப்.சி.ஐ. வைத்தாகிவிட்டது. (அரிசி குடோன் இல்லை, ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி, விசை, இயக்கம் பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் தாள். 30 வினா, ஒவ்வொன்றுக்கும் 5 விடை.) ஏ பிரிவில் மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து விடை சொல்லும் முறை, அதாவது பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன். பி பிரிவில் வழக்கமான விரிவுரை. இரண்டு தேர்வையும் எழுதியவர்கள் கணக்கு மட்டும்:

ஏ: 58 பேர். முன் 30% (திட்ட விலக்கம் 12), பின் 51% (16).
பி: 54 பேர். முன் 48% (18), பின் 63% (18).

வெறும் வித்தியாசம் பார்த்தால் ஏ 21, பி 15. ஹேக் சூத்திரம் போட்டால் 0.30, 0.29, இரண்டும் ஒன்றுதான். கோஹன் டி போட்டால் 1.48, 0.83; ஏ எங்கேயோ போய்விடுகிறது. ஒரே தாள், ஒரே மாணவர்கள், மூன்று தீர்ப்பு. கல்லூரித் தர அறிக்கையில் "கற்றல் வளர்ச்சி" என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

இன்னொன்று. அதே அறிக்கையில் நான்காம் ஆண்டு ஆய்வுத் திட்டம் செய்பவர்களுக்கு "ஆய்வுத் திறன் வளர்ச்சி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெளியான கட்டுரை எண்ணிக்கையைப் போட்டுவிடச் சொல்கிறார்கள். சரியா?

பிழைப்பட்டை
இரண்டாவதற்கு ஆய்வுக்கூடம்4 வரட்டும். முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று எண்ணும் மூன்று வேறு கேள்விக்குப் பதில். வெறும் வித்தியாசம்: எத்தனை மதிப்பெண் ஏறியது. ஹேக்: ஏறுவதற்கு மிச்சமிருந்த இடத்தில் எவ்வளவு பங்கு ஏறியது, (பின் − முன்) ÷ (100 − முன்). கோஹன் டி: வகுப்பின் பரவலோடு ஒப்பிட்டால் ஏற்றம் எவ்வளவு பெரியது.

உங்கள் டி வீங்கக் காரணம் ஏ பிரிவின் முன் தேர்வு. விலக்கம் 12தான். எல்லோரும் தரையோடு தரையாக 30-ஐச் சுற்றி நெருங்கிக் கிடக்கிறார்கள். கீழே இருக்கும் எண் சின்னதாக இருந்தால் வகுத்து வருவது பெரிதாகத்தான் இருக்கும். அதை "அதிகம் கற்றார்கள்" என்று படிக்கக்கூடாது. "ஒரே இடத்தில் தொடங்கினார்கள்" என்பதும் அதில் கலந்திருக்கிறது.

ஹேக் எண்ணுக்கு ஒரு வசதி உண்டு, ஒப்பிட ஆள் இருக்கிறது. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள் தரவைச் சேர்த்தார். விரிவுரை மட்டும் நடந்த 14 வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர் பங்கேற்புள்ள 48 வகுப்புகளின் சராசரி 0.48. 0.3க்குக் கீழ் குறைவு, 0.7க்கு மேல் அதிகம் என்ற பிரிவும் அவருடையதுதான். உங்கள் பி, விரிவுரைக்குக் கொஞ்சம் நல்ல எண். ஏ, பங்கேற்பு முறைக்குச் சுமாரான எண்.

ஒரு பொறி. ஹேக் எண்ணை வகுப்புச் சராசரிகளை வைத்தே போடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் போட்டுச் சராசரி எடுத்தால், முன் தேர்வில் 90 வாங்கிப் பின் தேர்வில் 80 வாங்கிய ஒரே பையன் −1.0 ஆகி மூன்று பேரின் +0.33ஐத் தின்றுவிடுவான். மாணவர்வாரியாக வேண்டுமென்றால் மார்க்ஸ், கம்மிங்ஸ் 2007இல் சொன்ன திருத்தம் இருக்கிறது: இறங்கியவர்களுக்கு மட்டும் முன் மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். அதே பையன் −10 ÷ 90 = −0.11.

முன் பின் மதிப்பெண்களின் ஒட்டுறவுக் கெழுவையும் (கோரிலேஷன், இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற எண்) பிரிவுவாரியாகக் கொடுங்கள். அது இல்லாமல் பிழை வரம்பு போட முடியாது.

வினாத்தாள்
கணக்குக்கு முன்னால் தேர்வு எப்படி நடந்தது என்று சொல்லுங்கள். இந்த மாதிரித் தரவில் பாதி நோய் அங்கேதான்.

1. முன் தேர்வு விசை பற்றிய முதல் பாடத்துக்கு முன்னா, பின்னா?
2. இரண்டு முறையும் ஒரே நேர அளவா? எஃப்.சி.ஐ.க்கு 30 நிமிடம் வழக்கம்.
3. மதிப்பெண் உண்டா? முன் தேர்வுக்கு இல்லாமல் பின் தேர்வுக்கு மட்டும் இன்டர்னல் மார்க் என்றால் நீங்கள் அளந்தது பயத்தின் வளர்ச்சி. இரண்டுக்கும் "எழுதினாலே ஒரு மார்க்" என்பதுதான் சரி.
4. தாளைத் திரும்ப வாங்கினீர்களா? விடை சொன்னீர்களா?
5. பிரிவில் மொத்தம் எத்தனை பேர்? இரண்டையும் எழுதியவர்கள் என்று வடிகட்டியதில் யார் போனார்கள்?

கரும்பலகை_சேலம்
முதல் வாரம், பாடத்துக்கு முன். இரண்டும் 30 நிமிடம். எழுதினால் ஒரு மார்க். தாள் திரும்ப வாங்கியாகிவிட்டது, விடை சொல்லவில்லை. ஏ 64 பேர், பி 66 பேர். ஆக ஏயில் 6, பியில் 12 பேர் பின் தேர்வுக்கு வரவில்லை. பியில் வராத 12 பேரின் முன் சராசரி 31.

ஒட்டுறவு: ஏ 0.45, பி 0.60.

வினாத்தாள்
பாருங்கள், பியில் போனவர்கள் அடிமட்டத்தில் இருந்தவர்கள். அவர்களையும் சேர்த்தால் பியின் முன் சராசரி 48 இல்லை, (54×48 + 12×31) ÷ 66 = 44.9. பின் தேர்வில் அவர்கள் என்ன வாங்கியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. "63" என்பது தங்கியவர்களின் 63. அறிக்கையில் இந்த 12 பேரை ஒரு வரியாவது எழுதுங்கள்.

தாள் தமிழிலா, ஆங்கிலத்திலா?

கரும்பலகை_சேலம்
ஆங்கிலம், கீழேயே தமிழ். தமிழாக்கம் துறையில் செய்தது.

யாழ்_பௌதிகம்
அண்ணை, தமிழாக்கம் எண்டதாலை ஒரு விசயம். இலங்கையிலை எங்களுக்கு "நிறை" எண்டால் உங்கடை "எடை". உங்கடை "நிறை"யை நாங்கள் "திணிவு" எண்டு படிப்பிக்கிறம். உங்கடை "திசைவேகம்" எங்கடை "வேகம்", உங்கடை "வேகம்" எங்கடை "கதி", உங்கடை "முடுக்கம்" எங்கடை "ஆர்முடுகல்". தமிழ்நாட்டுத் தாளை அப்படியே இங்கை குடுத்தால் பிள்ளை பௌதிகம் தெரிஞ்சும் பிழை விடும். தேர்வு அளக்கிறது சொல்லகராதியை.

வினாத்தாள்
அருமையான உதாரணம். தமிழ்நாட்டுக்குள்ளேயும் இது உண்டு. கடைத்தெருவில் "எடை" என்றால் கிலோ. பாடநூலில் எடை என்றால் நியூட்டன். "எடை இருமடங்கு" என்று எழுதினால் பாதிப் பேர் ஒன்றை நினைப்பார்கள், பாதிப் பேர் மற்றதை. "விசை"யும் அப்படித்தான், கிராமத்தில் விசை என்றால் அழுத்துகிற பொத்தான்.

சோதிக்கும் வழி: தமிழாக்கம் செய்யாத இன்னொருவரிடம் தமிழை மட்டும் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூலத்தோடு வைத்துப் பாருங்கள். பிறகு எட்டுப் பத்து மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, வினாவைச் சத்தமாகப் படித்து, என்ன நினைத்து விடை போடுகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், குறிப்பெடுத்தால் போதும். தவறான காரணத்தால் சரியான விடையும், சரியான காரணத்தால் தவறான விடையும் எந்த வினாவில் வருகிறதோ அதன் மொழி கெட்டிருக்கிறது.

நெறியாளர்
இங்கே ஒருவர் எஃப்.சி.ஐ. வினா மூன்றை விடையோடு ஒட்டியிருந்தார், நீக்கப்பட்டது. இந்தத் தாள் பொதுவெளியில் வந்தால் அதன் கதை முடிந்தது. உதாரணம் வேண்டுமென்றால் சொந்தமாக எழுதுங்கள்.

பிழைப்பட்டை
ஒட்டுறவு வந்துவிட்டதா, சரி. நிதானமாகப் படியுங்கள், இதில்தான் விவகாரம்.

முதலில் பிழை வரம்பு. வித்தியாசத்தின் திட்ட விலக்கம் ஏயில் √(144 + 256 − 2×0.45×12×16) = 15.1, பியில் இதே கணக்கில் 16.1. அதை √58, √54 ஆல் வகுத்தால் திட்டப் பிழை 2.0, 2.2. அதைச் சுமார் இரட்டித்தால் 95 சத வரம்பு. ஆக ஏ 21 ± 4, பி 15 ± 4. இரண்டு பிரிவிலும் வளர்ச்சி இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஏ பியைவிட 6 அதிகம், ஆனால் அந்த 6இன் வரம்பு ± 5.8. மயிரிழையில் பூஜ்யத்தைத் தாண்டி நிற்கிறது.

இப்போது வேறு வழி. "முன் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய ஏ மாணவரும் பி மாணவரும் பின் தேர்வில் எப்படி?" என்று கேட்போம். இதுதான் அன்கோவா. உங்கள் எண்களில் இரண்டு பிரிவிலும் சாய்வு, அதாவது முன் தேர்வில் 1 மதிப்பெண் கூடினால் பின் தேர்வில் எவ்வளவு கூடுகிறது என்பது, 0.6 (0.45×16÷12 = 0.6; 0.60×18÷18 = 0.6). பின் தேர்வில் ஏ 12 கீழே. முன் தேர்வில் 18 கீழே. திருத்தினால் −12 + 0.6×18 = −1.2. அதாவது ஏ கொஞ்சம் பின்தங்குகிறது!

வித்தியாசம் பார்த்தால் ஏ +6, அன்கோவா பார்த்தால் ஏ −1.2. கணக்கில் தவறு இல்லை. 1967இல் ஃபிரெடெரிக் லார்ட் காட்டிய முரண் இதுதான். விடுதிச் சாப்பாட்டால் ஆண்கள், பெண்கள் எடை எப்படி மாறியது என்று இரண்டு புள்ளியியலாளர்கள் ஒரே தரவைப் பார்க்கிறார்கள். ஒருவர் வித்தியாசமே இல்லை என்கிறார், மற்றவர் இருக்கிறது என்கிறார். தொடக்கத்திலேயே வேறுபட்ட இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் இது வந்தே தீரும்.

இன்னும் ஒரு சுற்று. முன் தேர்வு மதிப்பெண்ணில் பிழை இருப்பதால் 0.6 என்ற சாய்வே உண்மையைவிடக் குறைவு. தாளின் நம்பகத்தன்மை (அதே ஆட்கள் மறுபடி எழுதினால் மதிப்பெண் எவ்வளவு ஒத்துவரும் என்ற எண், 1 என்றால் முழுமை) 0.75 என்று வைத்தால் உண்மைச் சாய்வு 0.6 ÷ 0.75 = 0.8. இப்போது −12 + 0.8×18 = +2.4. மறுபடியும் ஏ மேலே!

ஆகவே "பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன் வென்றது" என்று இந்தத் தரவை வைத்து எழுத முடியாது. "தோற்றது" என்றும் முடியாது.

ஐக்யூஏசி_அவதி
இவ்வளவு சுற்ற வேண்டுமா சார்? கோர்ஸ் அவுட்கம் அட்டெயின்மென்ட் போடுகிறோமே, 60 சதம் பேர் 60 மதிப்பெண் தாண்டினால் நிறைவேறியது என்று. அதை வளர்ச்சியாகக் காட்டிவிடலாமே. கூடவே ஸ்லோ லேர்னர் பட்டியல் இருக்கிறது: முன் தேர்வில் கடைசி 15 பேர், சிறப்பு வகுப்பு, பின் தேர்வில் ஏற்றம். போன தடவை அழகாக வந்தது.

பிழைப்பட்டை
அழகாகத்தான் வரும். சிறப்பு வகுப்பு எடுக்காவிட்டாலும் வரும், அதுதான் சிக்கல்.

அட்டெயின்மென்ட் என்பது முடிவில் எங்கே நிற்கிறார்கள் என்ற எண். எங்கிருந்து வந்தார்கள் என்பது அதில் இல்லை. உள்ளே வரும்போதே 65 வாங்கக்கூடியவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் இருந்தாலும் நிறைவேறிவிடும்.

கடைசி 15 பேர் கதை, சராசரி நோக்கித் திரும்புதல். கால்ட்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் கண்டது. கடைசியில் இருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே பின்தங்கியவர்கள், சிலர் அன்றைக்குத் தலைவலியோடு வந்தவர்கள். இரண்டாவது வகை அடுத்த தடவை தானாக ஏறும். ஏ பிரிவில் சராசரி 30, நம்பகத்தன்மை 0.7 என்று வைப்போம். 13 வாங்கியவரிடம் அடுத்த தேர்வில் எதிர்பார்க்க வேண்டியது 30 + 0.7×(13 − 30) = 18. ஒரு வகுப்புகூட எடுக்காமல் 5 மதிப்பெண் ஏற்றம். இதே காரணத்தால் முதல் 15 பேர் இறங்குவார்கள், அவர்களைப் பார்த்து "அட்வான்ஸ்டு லேர்னருக்கு அக்கறையில்லை" என்று ஒரு குறிப்பு எழுதப்படும்.

சரியாகச் செய்ய: கடைசி 30 பேரை எடுத்துக் குலுக்கல் முறையில் 15 பேருக்கு இப்போது, 15 பேருக்கு அடுத்த மாதம் சிறப்பு வகுப்பு. நடுவில் ஒரு தேர்வு. இரண்டு பாதிக்கும் உள்ள வேறுபாடுதான் வகுப்பின் பலன்.

தனி மாணவருக்கு "வளர்ந்தார், வளரவில்லை" என்று முத்திரை குத்தவே வேண்டாம். திட்ட விலக்கம் 16, நம்பகத்தன்மை 0.75 என்றால் ஒரு தேர்வின் அளவீட்டுப் பிழை 16 × √0.25 = 8. இரண்டு தேர்வின் வித்தியாசத்துக்கு 8 × 1.41 = 11.3. 95 சத வரம்பு ± 22. முப்பது வினாவில் ஆறேழு வினா. ஒரு பெண் ஐந்து வினா கூடுதலாகச் சரிசெய்திருந்தாலும், அது கற்றலா தற்செயலா என்று இந்தத் தாளால் சொல்ல முடியாது. 58 பேரின் சராசரிக்கு இந்தப் பிழை சுருங்கிவிடுகிறது, தனி ஆளுக்குச் சுருங்காது.

வினாத்தாள்
0.75 என்பதை அனுமானமாக விடாதீர்கள், உங்கள் தரவிலேயே கே.ஆர்-20 (நம்பகத்தன்மையைக் கணக்கிடும் சூத்திரம்) போடலாம். கூகுள் ஷீட்டில் மாணவர் ஒரு வரிசை, வினா ஒரு நிரல், சரிக்கு 1, தவறுக்கு 0. ஒவ்வொரு நிரலுக்கும் சரி விகிதம் × தவறு விகிதம். அதைக் கூட்டி, மொத்த மதிப்பெண்ணின் மாறுபாட்டால் வகுத்து, 1இலிருந்து கழித்து, 30÷29 ஆல் பெருக்குங்கள். மொத்தம் என்பது 30க்கு எத்தனை என்ற எண், சதவீதம் இல்லை. இதில் சறுக்குபவர்கள் நிறைய.

முன் தேர்விலும் பின் தேர்விலும் தனித்தனியாகப் போடுங்கள். முன் தேர்வில் குறைவாக வரும், அது இயல்பு.

ஆய்வுக்கூடம்4
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆய்வுத் திறன் கேள்விக்கு வருகிறேன்.

கட்டுரை எண்ணிக்கை வேண்டாம். ஓராண்டுத் திட்டத்தின் கட்டுரை அடுத்த ஆண்டுதான் வெளிவரும். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது ஆசிரியர் வரிசையில் தெரியாது. எண்ணிக்கை கேட்டால் பணம் வாங்கிப் போடும் இதழ்களுக்குத்தான் வியாபாரம். பிஎச்.டி.க்கே கட்டாயக் கட்டுரையை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது, இளநிலை மாணவரிடம் கேட்பானேன். ஹெச்-இன்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோளாயின என்பதை வைத்துப் போடும் எண்) இன்னும் மோசம். 2005இல் ஹிர்ஷ் சொன்ன அந்த எண் எப்போதும் ஏறும், இறங்கவே இறங்காது. எழுதியவர் காலமான பிறகும் ஏறும். இறங்கத் தெரியாத எண்ணை வைத்து வளர்ச்சியை எப்படி அளப்பது?

"என் ஆய்வுத் திறன் வளர்ந்தது, 5க்கு எத்தனை" என்ற படிவமும் வேண்டாம். தொடக்கத்தில் சோதனை வடிவமைப்பு என்றால் என்னவென்றே தெரியாதவர் தைரியமாக 4 போடுவார். ஆண்டு முடிவில் விவரம் தெரிந்து 3 போடுவார். வளர்ந்தவருக்கு இறக்கம் காட்டும்.

செய்யக்கூடியது: ஒரு சின்னப் பணியைத் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுங்கள். 20 நிமிடம், ஒரு பக்கம். எடுத்துக்காட்டு:

"3 சத பஞ்சகவ்யக் கரைசலில் ஊறவைத்த வெண்டை விதை சீக்கிரம் முளைக்கும் என்கிறார் கடைக்காரர். இதை எப்படிச் சோதிப்பீர்கள்?"

தொடக்கத்தில் வழக்கமாக வரும் விடை: "விதையை ஊறவைத்துத் தொட்டியில் போட்டுப் பார்ப்பேன். சீக்கிரம் முளைத்தால் அவர் சொன்னது உண்மை." ஒப்பிட எதுவும் இல்லை. 8க்கு 1, சோதித்துப் பார்க்கத் தோன்றியதற்காக.

முடிவில் எதிர்பார்ப்பது: ஒரே பொட்டல விதை 100, குலுக்கிப் பாதி பாதி. மறுபாதியை அதே நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். (இதை விட்டால் பலன் பஞ்சகவ்யத்துடையதா, ஊறியதா என்று தெரியாது. மதிப்பெண் அதிகம் போவது இந்த வரியில்தான்.) ஒரே மண், ஒரே தண்ணீர். "முளைத்தது" என்றால் முளை மண்ணுக்கு மேல் 2 மி.மீ. தெரிவது என்று முன்கூட்டியே எழுதுவது. எண்ணுபவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரியாமல் வைப்பது. இன்னொரு முறை செய்து பார்ப்பது. முடிவு எப்படி வந்தால் கடைக்காரர் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதும்.

இரண்டு பணி தயார்செய்து, பாதிப் பேருக்கு முதலில் ஒன்று பிறகு மற்றது, மீதிப் பேருக்கு மாற்றி. இல்லாவிட்டால் இரண்டாவது பணி எளிதாக இருந்ததையே வளர்ச்சி என்று எழுதிவிடுவோம். திருத்தும்போது பெயரையும் தேதியையும் மறைத்து, முன் பின் தாள்களைக் கலந்து கொடுங்கள். இது பின் தேர்வு என்று தெரிந்தால் திருத்துபவர் கை தாராளமாகிவிடும்.

பிழைப்பட்டை
திருத்துபவர் இரண்டு பேர் வேண்டும், ஒத்துப்போவதைக் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் போடும் எண்) போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் சதவீதம் ஏமாற்றும். நான்கு நிலை மதிப்பீட்டில் 80 சதம் ஒத்துப்போனது என்று வைப்போம். இருவரும் பெரும்பாலான தாளுக்கு "நிலை 3" போட்டிருந்தால் தற்செயலாகவே 66 சதம் ஒத்துப்போகும். (0.80 − 0.66) ÷ (1 − 0.66) = 0.41. சுமார்தான். முதல் பத்துத் தாளைச் சேர்ந்து திருத்தி, எங்கே முட்டுகிறது என்று பேசி, நிலைகளின் விளக்கத்தை மாற்றி எழுதிவிட்டு மீதியைத் தனித்தனியாகத் திருத்துங்கள்.

யாழ்_பௌதிகம்
மனப்பான்மை அளவீடு எதுவும் வைக்கிற எண்ணம் இருக்கோ? கொலராடோவின் கிளாஸ் எண்ட 42 கூற்று வினாக்கொத்து, 2006இல் வந்தது. கவனம்: வழக்கமான முதலாண்டுப் பௌதிகப் பாடத்துக்குப் பிறகு அதிலை புள்ளி கீழை போறதுதான் கனக்க இடத்திலை கண்டது. இறங்கினால் தரவைப் பிழை எண்டு எறிஞ்சு போடாதேங்கோ.

கரும்பலகை_சேலம்
எல்லோருக்கும் நன்றி. இந்த ஆண்டுக்கு "ஏ 21 ± 4, பி 15 ± 4, ஹேக் 0.30 / 0.29, பியில் 12 பேர் பின் தேர்வு எழுதவில்லை, அவர்கள் முன் சராசரி 31, முறைகளின் ஒப்பீடு இத்தரவில் தீர்மானமாகாது" என்று எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ஒப்பிட வேண்டுமென்றால் பிரிவுகளையே குலுக்கிப் போடலாமா?

பிழைப்பட்டை
பிரிவு ஒதுக்கீடு உங்கள் கையில் இருந்தால் அதுதான் உத்தமம். இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்: நியூட்டன் விதிகளுக்கு ஏயில் விவாதம், பியில் விரிவுரை, உந்தத்துக்குத் தலைகீழ். ஒவ்வொரு தலைப்புக்கும் தனி முன் பின் தேர்வு. இரண்டு பிரிவும் இரண்டு முறையையும் பார்த்துவிடுவதால் பி பிரிவின் தொடக்க உயரம் கணக்கைக் கெடுப்பது பெருமளவு குறையும். எஃப்.சி.ஐ. முழுத்தாளை இதற்குத் துண்டு போடாதீர்கள், பத்துப் பதினைந்து வினா கொண்ட தனித்தாள் எழுதுங்கள்.

ஐக்யூஏசி_அவதி
ஒரு நடைமுறைச் செய்தி. அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும். ± போட்டால் சிவப்பாகக் காட்டும்.

கரும்பலகை_சேலம்
எத்தனை எண்?

ஐக்யூஏசி_அவதி
ஒன்று. பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். இணைக்கலாம், 2 எம்.பி.க்குள்.

பிழைப்பட்டை
0.30 போடுங்கள். மீதி எல்லாம் பி.டி.எஃப்.பில், 12 பேர் முதல் பக்கத்தில்.